இடப்பக்கம் சுற்றுகிறவள்

இடப்பக்கம்… எல்லாருமே இடப்பக்கம் போகிறார்களே, ஒருத்தி பாக்கியில்லாமல்… முதுகைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பதால் அப்படித் தோன்றுகிறது என்று நினைத்த தெல்மா, நினைத்து முடிப்பதற்குள்ளேயே அதைத் தள்ளிவிட்டாள், முதுகைப் பார்த்தால் எப்படிக் குழம்பும், எதிரே நின்றால்தானே இடம் வலமாகும், பின்னால் உட்கார்ந்தால் அவர்களுடைய இடது தன்னுடைய இடதுதானே. தேவாலயக் கூடத்தின் பின்கோடியில், தேநீர்க் கொதிகலனுக்குப் பக்கத்தில், அங்கே இருந்தவற்றில் மெத்தை வைத்த ஒரே நாற்காலியில் மரியாதையாக அவளை உட்காரவைத்திருந்தார்கள், பெண்கள் முன்னால் இருந்த பியானோவைப் பார்த்து ஆடிக்கொண்டிருந்தார்கள், ஒரு பழைய படத்தில் அவள் ஆடிய ஆட்டத்தை, கடற்பாலத்து நடனத்தை, சீசன் முடிந்த கடற்கரை ஊரில், தூறலில், பாலத்தின் கைப்பிடியோரமாக ஒரு கோடியிலிருந்து மறுகோடிவரை சுற்றிக்கொண்டே போய் படத்து நாயகன் ராய்ஸ்டன் கையிலிருக்கும் ஐஸ்கிரீமைத் தட்டிவிடுகிற அந்த நடனத்தை… மடியிலிருந்த கைப்பைமேல் அவளுடைய இரண்டு விரல்கள் ஓடிக்கொண்டிருந்தன, ஆட்டக்காரிகளின் பழக்கம் அது, பஸ்ஸில், பல் மருத்துவர் வாசலில், யாரோ முக்கியமாக எதையோ சொல்லிக்கொண்டிருக்கும்போதுகூட, விரல்களையே கால்களாக வைத்து ஆடிப்பார்ப்பது. விரல்கள் வலப்பக்கம் போயின. கூடத்தில் கால்கள் இடப்பக்கம் போயின. ஓடுகிற ரயிலில் பின்னோக்கி உட்கார்ந்தால் வருமே, அந்தக் குமட்டல் லேசாக வந்தது. வயசாகிவிட்டதா, ஐம்பத்தொன்றில் மறந்துபோகுமா, மற்றதெல்லாம் மறக்கலாம், வீட்டுக்காரரின் பிறந்தநாள் போன வருஷம் மறந்தது, அவரும் மறந்திருந்ததால் தப்பித்தாள், ஆனால் இது எப்படி… தான் வலப்பக்கம் சுற்றுகிறவள், பிறந்ததிலிருந்தே, அதில் சந்தேகம் வந்தால் பெயரிலேயே சந்தேகம் வந்த மாதிரிதான்.

“தேநீர்!” என்று கேரெத் கத்தினான், பியானோ பாதி வரியில் நின்றது, பெண்கள் தரையில் சரிந்து கால்விரல்களைப் பிடித்துவிட்டுக்கொண்டார்கள். வேல்ஸ் நாட்டுப் பையன் இவன், ஊதாநிறக் கழுத்துச் சட்டை போட்டுக்கொண்டு, தொலைக்காட்சிக்காகப் பழைய படங்களின் நடனங்களையெல்லாம் மறுபடி மேடையில் ஏற்றுகிறேன் என்று கிளம்பியிருக்கிறான், குரோய்டனில் பெரிய கடை ஒன்றின் காலுறைப் பிரிவில் நின்றுகொண்டிருந்த அவளைத் தேடிக் கண்டுபிடித்து, வாடிக்கையாளர் ஒருத்தி பார்த்துக்கொண்டிருக்கும்போதே கையைப் பிடித்து முத்தமிட்டு, ‘நீங்க வந்து பார்த்தாத்தான் எனக்குத் தூக்கம் வரும்’ என்று அழைத்தவன். இப்போது அவளுடைய நாற்காலிக்குப் பக்கத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்தான். “தெல்மா டார்லிங், மூஞ்சி ஏன் இப்படி இருக்கு? பிடிக்கலேன்னா சொல்லிடுங்க, கழிவறையில போய் அழுதுட்டு வந்துடறேன்.” நல்லாத்தானே ஆடறாங்க என்றாள் அவள். “நல்லாத்தான்னு எங்கம்மாவும் சொல்வாங்க, அவங்களுக்கு மழை பெஞ்சாலும் நல்லாத்தான் இருக்கும்.” சிரித்துவிட்டு, குரலை இறக்கிக்கொண்டான். “ஒரு சங்கடம். ராய்ஸ்டன் போட்டிருக்கிற கோட்டு மாதிரியே ஒண்ணு தைக்கணும்னு எங்க தையல்காரம்மா படத்தை நிறுத்தி நிறுத்திப் பாத்திருக்கு. காலையில வந்து சொல்லுது, இந்த நடனத்துல மட்டும் பட்டன் பொம்பளைங்க கோட்டுல இருக்கிற பக்கம் இருக்காம், படத்துல வேற எங்கயும் அப்படி இல்லையாம். அப்படின்னா? ஃபிலிமைத் திருப்பிப் போட்டு அச்சடிச்சுட்டாங்களா? நாங்க இத்தனை நாளாக் கத்துக்கிட்டது எல்லாமே பக்கம் மாறியா?” அவள் வாயைத் திறப்பதற்குள் அவனே தொடர்ந்தான். “மாறியிருந்தா மாத்தித்தான் ஆகணும், உள்ளது உள்ளபடி செய்யறேன்னு வாக்குக் குடுத்திருக்கேன். ஆனா லொரேன் போயிடுவா. அவ இடப்பக்கம் மட்டும் சுத்தற பொண்ணு, படத்துல இடப்பக்கம்னு பாத்துத்தானே அவளை நடுவுல நிறுத்துனேன், மத்ததுங்க எல்லாம் என்னைத் திட்டிக்கிட்டே அவ பக்கத்துக்கு மாறுச்சு. வலப்பக்கம்னா அவளால பாதிப் பாலம்கூடத் தாண்ட முடியாது, ஃபிலிப்பாவுக்குத்தான் குடுக்கணும். டான்ஸ் அமைச்ச லெனாக்ஸ் உயிரோட இல்ல, ராய்ஸ்டனும் இல்ல, கேக்கறதுக்கு உங்களை விட்டா ஆளில்ல. எந்தப் பக்கம் சுத்துனீங்க? யோசிச்சுச் சொல்லுங்க, தேநீர் ஆறறதுக்குள்ள.”

யோசிப்பதற்கு என்ன இருக்கிறது… வலப்பக்கம் என்று ஒரு வார்த்தை, சொல்லிவிட்டு பிஸ்கட்டைத் தேநீரில் முக்கியிருக்கலாம், ஏன் சொல்லவில்லை? அந்தக் கணத்தில்தான் அவளுக்கு உறைத்தது, இத்தனை வருஷமாக அந்தப் படத்தில் தான் திருப்பிப் போடப்பட்டுக் கிடக்கிறோம், தனக்கே தெரியவில்லை என்பது. எப்படித் தெரியாமல் போயிற்று? முதல் காட்சிக்கு, கடன் வாங்கிய நரித்தோலைத் தோளில் போட்டுக்கொண்டு போய் உட்கார்ந்தாளே, படம் பாதிவரை தன் முகம் வரும்போதெல்லாம் கண்ணை மூடிக்கொண்டாளே, யார் இவள், வாய் ஒரு பக்கமாகக் கோணுகிறதே, தாடையிலிருக்கிற மச்சம் தப்பான இடத்தில் ஒட்டிவைத்த மாதிரி இருக்கிறதே என்று… அப்புறம் கடற்பாலம் வந்தது, வந்ததும் அடடா, இதோ நான், இதுதான் நான் என்று நெஞ்சு நிறைந்ததே. அழுதாள், ராய்ஸ்டன் கைக்குட்டை கொடுத்தான். அன்றிலிருந்து இன்றுவரை, எடுத்த அத்தனை படத்திலும் அந்த ஒரு நடனத்தில்தான் தான் அழகாக இருப்பதாக நம்பிவந்தாள், காரணம் இப்போதல்லவா தெரிகிறது, ஆட்டக்காரி தன்னை எங்கே பார்க்கிறாள், கண்ணாடியில்தானே, பத்து வயதிலிருந்து காலையும் மாலையும் கண்ணாடி முன்னால் நின்று நின்று கண்ணாடிக்குள் இருப்பவள்தான் தான் என்று ஆகிவிட்டது, படத்தைத் திருப்பிப் போட்டதும் கண்ணாடிக்குள் இருந்தவள் திரைக்கு வந்துவிட்டாள், வேறு தொழில் செய்கிறவளாக இருந்தால் உடனே கண்டுபிடித்திருப்பாள், மீன் விற்கிறவளுக்குத் தெரிந்திருக்கும். ஏன் திருப்பினார்கள் என்பதும் தெரியும் இப்போது. கன்னம். ராய்ஸ்டனுக்கு இடக்கன்னம்தான் நல்ல கன்னம், வலக்கன்னத்தில் போரில் பட்ட வடு, மழைத்தண்ணீர் தெளித்த அந்தக் காட்சியில் ஒப்பனை கரைந்து வடு தெரிந்திருக்கும், அதனால் அவனை இடக்கன்னம் தெரிகிற பக்கமாக நிறுத்தி எடுத்துவிட்டு, முன்பின் காட்சிகளோடு திசை ஒட்டவில்லை என்று, ஒரு ஆம்பிளையின் கன்னத்துக்காக என்னையும் கடலையும் பாலத்தையும் சேர்த்துத் தோசை திருப்புகிற மாதிரி திருப்பிப் போட்டுவிட்டார்களே படுபாவிகள்.

கோபம் வந்தது, வெட்கமில்லாமல் வந்தது. அவளிடம் இருப்பதே அது ஒன்றுதான். பிளாக்பூலில் வரிசையில் பதினாறாவது காலாக ஆரம்பித்து, கிறிஸ்துமஸ் நாடகங்களில் தேவதையாகவும் பனிக்கட்டியாகவும் ஒரு வருஷம் மாட்டு வேஷத்தின் பின்கால்களாகவும் ஆடி, போர்க்காலத்தில் லாரியின் பின்பலகையைச் சாய்த்துப்போட்டு அதன்மேல் சிப்பாய்களுக்காக ஆடி, வீட்டுக்காரிகள் வெந்நீருக்குக் கணக்குப் பார்க்கிற வாடகை அறைகளில் ஈரக் காலுறையைக் கணப்பில் காயவைத்துக் கருக்கி… அதெல்லாம் எங்கே இருக்கிறது? காற்றோடு போயிற்று. மேடையில் ஆடியது ஆடி முடித்ததும் இல்லாமல் போகும், அது தெரிந்துதான் ஆடினாள். அதற்குப் பிறகு வந்த இரண்டு படங்களில் ஒன்றில் கதவைத் திறந்துவிட்டாள், இன்னொன்றில் அவள் வந்ததை வெட்டிவிட்டார்கள். அப்புறம் முழங்கால் கெட்டது. மிச்சம் அந்தக் கடற்பாலம், யாராவது காலுறை வாங்க வந்து முகத்தையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, “நீங்கதானே அந்தப் பாலத்துல சுத்துனது?” என்று கேட்பார்கள், ஆமாம் என்பாள், அன்றைக்கு முழுக்கக் கால் வலிக்காது. இப்போது பார்த்தால் அவர்கள் யாரும் அவளைப் பார்க்கவே இல்லை, அவள் ஆடியபடி அதை ஒருவரும் பார்த்ததே இல்லை, படப்பிடிப்புத் தளத்தில் விளக்குப் பிடித்தவர்களைத் தவிர. இன்றைக்கு வலப்பக்கம் என்று சொன்னால்… முதன்முறையாக நேராகும். இங்கிலாந்து முழுக்க உட்கார்ந்து பார்க்கும், தெல்மா கார்ஸ்வெல் உண்மையில் எப்படிச் சுற்றினாளோ அப்படி. அதற்கு ஆசைப்படுவது தப்பா? தப்பில்லை. ஒரு தடவையாவது நேராக இருந்துவிட்டுப் போகிறேனே.

“மிஸ் கார்ஸ்வெல், இங்க உக்காரலாமா?” நடுவில் நின்று ஆடிய பெண்தான், லொரேன், வுல்வர்ஹாம்ப்டன் பேச்சு, சுண்டுவிரலில் பிளாஸ்திரி, தரையிலேயே உட்கார்ந்து, கொண்டுவந்திருந்த மீன்விழுது தடவிய ரொட்டியை மடியில் பிரித்துவைத்துக்கொண்டாள். “நான் எங்கயாச்சும் சொதப்பறேனா? நீங்க ஒரு மாதிரி பாத்தீங்க, என் முதுகே சுட்டுடுச்சு.” இல்லம்மா என்றாள் தெல்மா. “எல்லாரும் என்னைப் பாத்தா அப்படித்தான் பாப்பாங்க, பழகிப்போச்சு. நான் வண்டியை ராங் சைடுல ஓட்டற மாதிரி. எந்த டான்ஸ் குடுத்தாலும் எனக்கு உள்பக்கம் வெளியில போட்ட சட்டைதான், திருப்பித் திருப்பி மாட்டிக்கணும், அதுக்குள்ள பக்கத்துல நிக்கறவ பேரு வாங்கிட்டுப் போயிடுவா.” ரொட்டியைக் கடித்தாள், வாய் நிறைய வைத்துக்கொண்டே சொன்னாள், “இது ஒண்ணுதாங்க திருப்பாம அப்படியே மாட்டிக்கிட்டேன். எனக்குன்னே அளவெடுத்துத் தைச்ச மாதிரி. நீங்களும் நம்ம கட்சின்னு தெரிஞ்சப்ப எங்கம்மாவுக்கு ஃபோன் பண்ணிச் சொன்னேன்.” நம்ம கட்சி… கூடத்தின் மறுகோடியில் ஃபிலிப்பா, நெட்டைக் கழுத்தும் நல்ல பள்ளிக்கூடத்துப் பல்லுமாக, யாருக்கும் சொல்லாமல் வலப்பக்கம் சுற்றிப் பார்த்துக்கொண்டிருந்தாள், சுவரோரமாக, தேநீர்க் கோப்பையைக் கையில் வைத்துக்கொண்டே, ஒரு சொட்டுச் சிந்தவில்லை. பட்டன் விஷயம் அவள் காதுக்கு எட்டிவிட்டது. இந்தக் குழந்தை காதுக்கு எட்டவில்லை, ரொட்டியின் ஓரங்களைத் தனியே ஒதுக்கி வைத்துக்கொண்டிருக்கிறது.

பெரில் இப்படித்தான் ஒதுக்குவாள். பெரில் ஆட்கின், வரிசையில் எப்போதும் கடைசி ஆள், இடப்பக்கம் சுற்றுகிறவளை வேறு எங்கே நிறுத்துவது, நடுவில் நிறுத்தினால் இரண்டு பக்கத்துக்காரிகளுக்கும் முட்டி பெயரும். பெரிலைப் போல் சுற்ற யாராலும் முடியாது, அது எல்லாருக்கும் தெரியும், தெரிந்து என்ன, பாட்டு வலப்பக்கம் போகும்போது அவள் மட்டும் தன் உடம்போடு சண்டை போட்டு வலப்பக்கம் போவாள், சுமாராகத்தான் போவாள். லெனாக்ஸ்தான் அவளைத் தனக்கு உதவியாளாக வைத்துக்கொண்டான், அவன் மனசில் நினைக்கிற அடிகளை ஆடிக்காட்ட ஒரு உடம்பு வேண்டுமே. எவ்வளவு நல்லவள், அறையில் ஒரே கட்டிலில் தலைமாற்றிப் படுத்துக்கொண்டு தெல்மாவின் காலைத் தன் வயிற்றோடு அணைத்துச் சூடேற்றுவாள்… லெனாக்ஸ் சொல்லுவான், எல்லார் எதிரிலும் சொல்லுவான், ‘தெல்மா, கடற்பாலம் உன் உடம்பு மேலயே வச்சுத் தைச்சதுடீ’ என்று, அப்போது பெரில் சிகரெட் பற்றவைத்துக்கொண்டிருப்பாள். பெரில் நடுவில் நின்றதே இல்லை. இந்தப் பெண் நிற்கிறாள், ஒரே ஒரு தடவை. நாம் ஒரு வார்த்தை சொன்னால் இறங்கிவிடுவாள், அம்மாவுக்கு மறுபடி ஃபோன் பண்ணுவாள். சொல்லாவிட்டால் நாம் காலத்துக்கும் திரும்பியே கிடக்கவேண்டியதுதான்… எது பெரிசு? தன் உண்மை தனக்குப் பெரிசாகத்தான் இருந்தது, அதில் மறைக்க என்ன இருக்கிறது, தேநீரைக் குடிக்காமல் கையிலேயே வைத்துக்கொண்டு அந்தக் குழந்தையின் உச்சி வகிட்டைப் பார்த்துக்கொண்டிருந்தாள். கொடுத்துவிடலாமா… கொடுத்துத்தான் விடலாமே, இருக்கிறது ஒன்றுதான், அதைக் கொடுத்தால்தானே கொடுத்தது.

“இடப்பக்கந்தான்,” என்றாள், கேரெத் கேட்பதற்கு முன்பாகவே, கூடத்துக்கே கேட்கும்படியாக. கேரெத் மார்பில் கையை வைத்துக்கொண்டான். “சத்தியமா? அப்ப அந்தப் பட்டன்?” “அதுவா,” என்று தெல்மா கோப்பையைத் தட்டில் வைத்தாள், “ராய்ஸ்டன் யாரோட கோட்டை மாட்டிக்கிட்டு வருவான்னு நாங்க யாரும் கேக்கறதில்லப்பா.” பியானோக்கார அம்மாள்தான் முதலில் சிரித்தாள், பிறகு கூடமே சிரித்தது, கேரெத் அவளுடைய இரண்டு கன்னத்திலும் முத்தமிட்டு ‘நீங்க ராணி’ என்றான், சுவரோரத்தில் ஃபிலிப்பா கோப்பையைக் கழுவப் போனாள். பொய் சொல்லுவது இவ்வளவு சுகமாக இருக்கும் என்று தெல்மாவுக்குத் தெரியாது, உடம்பெல்லாம் வெதுவெதுப்பாக இருந்தது, தானம் செய்தவள் என்ற நினைப்பு, கொஞ்சம் கண்ணீர்கூட வந்தது, அதை யாரும் பார்க்காமல் துடைத்துக்கொள்ளும்போது யாராவது பார்த்திருக்கலாமே என்றும் இருந்தது. “சரி, இப்ப மேடையில ஆடற மாதிரி, அம்மாவைப் பாத்து, முழுசா ஒரு தடவை,” என்று கேரெத் கையைத் தட்டினான், பெண்கள் ஓடிப்போய் பியானோவுக்கு முதுகைக் காட்டி அவளுக்கு எதிராக நின்றார்கள்.

பாட்டு எழுந்தது. லொரேன் எதிரே வந்தாள், மூச்சை இழுத்தாள், இடக்கையை விரித்தாள், தெல்மாவின் வலக்கைக்கு நேராக விரித்தாள்… இடப்பக்கம் சுற்றிக்கொண்டு போனாள், தெல்மாவின் வலப்பக்கமாகப் போனாள். குமட்டல் நின்றது. எல்லாம் சரியாக வந்து பொருந்தியது, இப்படித்தான், இப்படியேதான், இந்தத் தோளும் இந்த முகவாயும் இப்படி எதிரே… எங்கே? இதை எங்கே பார்த்தோம்? கண்ணாடியிலா? இல்லை, கடற்பாலம் பழகிய அந்தக் கூடத்தில் கண்ணாடி கிடையாது, போரில் குண்டு விழுந்து எல்லாம் நொறுங்கி, ஜன்னலுக்குப் பலகை அடித்திருந்த கூடம் அது, வாயிலிருந்து புகை வருகிற குளிர், பெரில் கம்பளிக் கோட்டோடு எதிரே நிற்கிறாள். ‘கண்ணாடி இல்லேன்னா என்னடி, நான்தான் உன் கண்ணாடி, என்னைப் பாத்து அப்படியே செய்,’ என்கிறாள், அவள் இடப்பக்கம் போகிறாள், இவள் வலப்பக்கம் போகிறாள், அவள் முகவாயைத் தூக்குகிறாள், இவள் தூக்குகிறாள், அவள் வேகம் கூட்டுகிறாள், அப்பா, என்ன சுழற்சி அது, எதையும் திருப்பி மாட்டிக்கொள்கிறவளின் சுழற்சியா அது… கேரெத்துக்குச் சொன்னது பொய்யில்லையே. நடனம் இடப்பக்கந்தான். பெரில் உடம்பில் அளவெடுத்து வெட்டியதை எதிரே நின்று பார்த்துப் பார்த்து வாங்கிக்கொண்டது யார்? தானம் செய்துவிட்டோம் என்று நினைத்தோமே, எதை எடுத்து, யாருக்கு… முகம் சுட்டது, இப்போது யாரும் பார்த்துவிடக் கூடாதே என்றுதான் இருந்தது. பெரில் எங்கோ நியூசிலாந்தில், எந்த ஊர் என்றுகூடத் தெரியாது, பிழைத்துக் கிடக்கிறாளோ என்னவோ. கடைசியாகப் பார்த்தது க்ரூ ஜங்ஷனில், ஞாயிற்றுக்கிழமை, ஞாயிற்றுக்கிழமை என்றால் நாட்டிலுள்ள நாடகக் கூட்டமெல்லாம் அங்கேதான் ரயில் மாறும், ஒரு நடைமேடையில் மந்திரவாதியின் புறாக்கள், இன்னொன்றில் தாங்கள், நடுவில் கிளம்பத் தயாராக நின்ற ரயிலின் சன்னலில் பெரில், புதுத் தொப்பியோடு. ‘படம் பாத்தேன்டி,’ என்று கத்தினாள், ‘ஹல் டவுன்ல, மத்தியான ஆட்டம். பாலத்துல நீ சுத்துனப்ப எனக்கு என்னையே பாத்த மாதிரி இருந்துச்சு.’ சிரித்தாள். பொறாமை என்று தெல்மா நினைத்தாள், ரக்பி ஸ்டேஷன் வரும்வரை அதையே நினைத்துப் பொருமிக்கொண்டு போனாள்… பொறாமைப்பட்டவள் முகம் அப்படியா மலர்ந்திருக்கும்? ரயில் நகர்ந்துவிட்டது, பெரில் தலையை உள்ளே இழுக்கவில்லை, இவள் முகத்தையே பார்த்துக்கொண்டு, எதையோ சொல்லப்போகிறாள் இவள் என்பதைப் போல, அத்தனை தூரம் போகிறவரைக்கும் காத்துக்கொண்டிருந்தாளே… அதற்குத் தெல்மா சொன்னது, நன்றாக ஞாபகம் இருக்கிறது, “தொப்பி பறந்துடப்போகுது, உள்ள போடீ” என்றுதான்.